ஆப்ஷன் கொடுங்க சார்!

"அண்ணா, சி.ஐ.எஸ்.எஸ்.பி. டம்ப்ஸ் இருக்கா? லேட்டஸ்ட்டா வேணும்."

தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவன் ராத்திரி பதினொன்றரை மணிக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி. பொறியியல் இறுதியாண்டு. பதில் போடாமல் படுத்துவிட்டேன். விடிந்ததும் அவன் அப்பாவே கூப்பிட்டுவிட்டார். "தம்பி, பிஸியா இருப்பீங்கன்னு தெரியும். நல்ல டம்ப்ஸா பார்த்து அனுப்பிவிட்டீங்கன்னா போதும், மத்ததை அவன் பார்த்துக்குவான். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையன் மூணே வாரம் உருப்போட்டான். பாஸ்! இப்போ பெங்களூர்ல கை நிறையச் சம்பளம்." குரலில் துளி கூச்சம் இல்லை. அப்பாவும் மகனும் சேர்ந்து திருட்டுக் கேள்வித்தாள் கேட்கிறார்கள். எதற்கு? திருட்டைத் தடுக்கும் வேலையில் சேர்வதற்கு!

இது அந்த ஒரு வீட்டுச் சங்கதி என்றால் விட்டுவிடலாம். சைபர் செக்யூரிட்டி என்று யார் வாயெடுத்தாலும் அடுத்த சொல் டம்ப்ஸ்தான். தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தவர்கள் நினைவிலிருந்து கக்கிய கேள்விகள், களவாடிய கேள்விகள், யாரோ இட்டுக்கட்டிய கேள்விகள் எல்லாம் கலந்த ஒரு பி.டி.எஃப். கூடவே விடைகள், அவற்றில் பல தப்பு என்பது தனிக்கதை. டெலிகிராமில் ஒரு விலை, இன்ஸ்டிட்யூட்டில் ஒரு விலை. 'பாஸ் ஆன பிறகு பணம் கொடுத்தால் போதும்' என்று சலுகை வேறு. இதை உருப்போட்டால் தேர்வு முடிந்தது, தேர்வு முடிந்தால் ஆள் நிபுணர், நிபுணர் வந்துவிட்டால் கம்பெனி பத்திரம். ஊர் முழுக்கப் பரவியிருக்கும் வேதம் இதுதான்.

முதலில் அந்த அப்பாக்களின் வயிற்றில் கொஞ்சம் புளியைக் கரைக்கிறேன். சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற சைபர் செக்யூரிட்டித் தேர்வை 1994 முதல் நடத்தி வருவது ஐ.எஸ்.சி.2 என்ற அமைப்பு. பாடம் எட்டுப் பிரிவு. அவற்றில் குறைந்தது இரண்டு பிரிவுகளில் 5 ஆண்டு வேலை அனுபவம் இருந்தால்தான் அந்தப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். கணினி சார்ந்த பட்டப்படிப்பு இருந்தால் ஒரு வருடம் தள்ளுபடி, அவ்வளவே. அனுபவம் இல்லாத பையன் எவ்வளவு அமோகமாகத் தேறினாலும் 'அசோசியேட்' என்று ஓரமாக உட்காரவைத்து, 6 ஆண்டுக்குள் அனுபவத்தோடு வா என்பார்கள். கட்டணம் 749 டாலர். நம் பணத்தில் அறுபதாயிரத்துக்கும் மேல். ஆக, கல்லூரியைத் தாண்டாத பையனுக்கு அறுபதாயிரம் கட்டி, அதற்கு மேல் திருட்டு பி.டி.எஃப். வாங்கிக் கொடுத்து, இப்போதைக்குக் கிடைக்கவே கிடைக்காத பட்டத்துக்கு உருப்போட வைக்கிறார்கள். கேட்டால் எதிர்காலத்துக்கான முதலீடாம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தேர்வறையில் முதல் கேள்வி வருவதற்கு முன்பே திரையில் ஓர் ஒப்பந்தம் வரும். இங்கே பார்க்கும் கேள்விகளை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பது அதன் சாரம். 'ஏற்கிறேன்' என்று தட்டினால்தான் தேர்வு. போதாக்குறைக்கு, பாடத்திட்டத்திலேயே நெறிமுறைக் கோவை என்று நான்கு கட்டளைகள் இருக்கின்றன. அதில் இரண்டாவது, கண்ணியமாக, நேர்மையாக, நியாயமாக, பொறுப்போடு, சட்டப்படி நடந்துகொள் என்கிறது. நம் வீரர் இதையும் டம்ப்ஸில்தான் படிக்கிறார். நேர்மை பற்றிய கேள்விக்கு விடை 'பி' என்று திருட்டுத்தாளைப் பார்த்து மனப்பாடம் செய்து, பிசகாமல் தட்டி, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு வருகிறார். இவரிடம்தான் நாளை ஒரு வங்கி தன் சாவிக்கொத்தைக் கொடுக்கப் போகிறது.

உள்ளே விடும்போது நடக்கும் சோதனையைப் பார்க்க வேண்டுமே! உள்ளங்கை ரத்தநாளத்தை ஸ்கேன் செய்கிறார்கள். சட்டைப் பையையும் பேன்ட் பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டச் சொல்கிறார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். கைக்கடிகாரம் லாக்கருக்குப் போகிறது. குறிப்பெழுத அழித்தெழுதும் பலகை ஒன்றைத் தருகிறார்கள். மண்டைக்குள் என்ன சரக்கு கொண்டுவந்திருக்கிறான் என்று பார்க்கத்தான் ஒரு ஸ்கேனரும் இல்லை.

தேர்வும் சும்மா இல்லை. 2017 டிசம்பரிலிருந்து ஆங்கிலத் தேர்வு ஆளுக்கு ஆள் மாறுகிறது. நீங்கள் தட்டும் விடையைப் பார்த்துத்தான் கணினி அடுத்த கேள்வியை எடுக்கும். 3 மணி நேரம், 100 முதல் 150 கேள்வி. திரும்பிப் போய்த் திருத்த முடியாது. நான்கு விடையும் சரிபோலவே இருக்கும். எது 'முதலில்', எது 'மிகச் சிறந்தது' என்பதில்தான் சூட்சுமம். சர்வர் அறையில் தீப்பிடித்துவிட்டது, முதலில் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டம்ப்ஸ்காரருக்குத் தீ என்றதும் பேக்கப் ஞாபகம் வரும், பேக்கப் என்றதும் 'சி' ஞாபகம் வரும். அறைக்குள் ஓர் ஆள் நிற்கிறான், அவனை வெளியே அனுப்ப வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் வராது. அது எந்தப் பக்கத்திலும் தடித்த எழுத்தில் இல்லையே.

சரி, இத்தனையையும் தாண்டி 1000-க்கு 700 வாங்கிப் பாஸ் ஆகிறவன் ஆகிறான். அப்புறம்? அப்புறம்தான் பிரிண்டர் வருகிறது.

டாக்காவில் வங்கதேச மத்திய வங்கித் தலைமையகத்தின் பத்தாவது மாடி. நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பில் நடப்பதையெல்லாம் தானாகக் காகிதத்தில் அடித்துத் தள்ள அங்கே ஒரு பிரிண்டர் இருந்தது. 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலை அது வேலை செய்யவில்லை. பிரிண்டர்தானே, எந்த ஆபீஸில்தான் ஒழுங்காக ஓடுகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முந்தைய இரவுதான் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த அவர்களுடைய கணக்கிலிருந்து 951 மில்லியன் டாலரை எடுத்து அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போயிருந்தன. அது காகிதத்தில் வந்துவிடக் கூடாது என்றுதான் உள்ளே ஊடுருவிய திருடர்கள் பிரிண்டரின் வாயை அடைத்திருந்தார்கள். டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. மணிலாவில் திங்கட்கிழமை சந்திரப் புத்தாண்டு. இந்த நான்கு நாள் சந்துக்குள் 81 மில்லியன் டாலர் மணிலா வங்கிக் கிளை ஒன்றுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது.

பிரிண்டர் ஓடவில்லை, என்ன செய்வாய்? ஐந்நூறு பக்க டம்ப்ஸில் இந்தக் கேள்வி எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று யாராவது சொல்லட்டும்.

என் வேலையில் நேர்காணல் நடத்துவதும் சேர்த்தி. பயோடேட்டாவின் தலையில் மூன்று சான்றிதழ் லோகோக்களை வரிசையாக ஒட்டிக்கொண்டு ஒரு தம்பி வந்தான். 3389 எந்த போர்ட் என்றேன். கேட்டு முடிப்பதற்குள் "ஆர்.டி.பி. சார்" என்றான். சந்தோஷம். லேப்டாப்பைத் திருப்பி விண்டோஸ் லாக், அதாவது நிகழ்வுப் பதிவு ஒன்றைக் காட்டினேன். அதிகாலை இரண்டே கால் மணி. ஒரே பயனர் பெயர், ஒரே வெளிநாட்டு ஐ.பி. முகவரி. 4625, 4625, 4625 என்று திரை நிறைய இறங்கி வந்து, அடியில் ஒரே ஒரு 4624. அதாவது தப்புக் கடவுச்சொல், தப்பு, தப்பு, தப்பு, கடைசியில் கதவு திறந்துவிட்டது. "இங்கே என்ன நடந்திருக்குப்பா?" என்றேன். பார்த்தான். நெற்றியைத் தேய்த்தான். மறுபடியும் பார்த்தான். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டான்: "ஆப்ஷன் ஏதாவது கொடுங்க சார்."

ஏ, பி, சி, டி போட்டுக் காட்டிவிட்டா திருடன் உள்ளே வருவான்? டாக்காவுக்குள் வந்தவர்கள் பயோடேட்டாவோடு வந்தார்கள். அமெரிக்க நீதித்துறை 2018-இல் தாக்கல் செய்த குற்றச்சாட்டின்படி, 2015 ஜனவரியிலேயே வேலை கேட்பதுபோல மின்னஞ்சல் அனுப்பித்தான் வலை விரித்திருக்கிறார்கள். ஓராண்டு அவகாசம் எடுத்து அடுத்தவன் வீட்டை அங்குலம் அங்குலமாகப் படித்த கூட்டம் அது. படிப்பு என்றால் அதுதான் படிப்பு. நம் பிள்ளைகள் மூன்று வாரத்தில் பி.டி.எஃப். படிக்கிறார்கள்.

அதே திருட்டில் இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியன் டாலர் எப்படித் தப்பியது தெரியுமா? 'ஃபவுண்டேஷன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபேண்டேஷன்' என்று எழுத்துப்பிழை. வழியிலிருந்த டாய்ட்ஷே வங்கி, இது என்ன பெயர் என்று விளக்கம் கேட்டது, பணம் நின்றது. எழுத்துக்கூட்டிப் படித்த கண்கள் அவ்வளவு பணத்தைக் காப்பாற்றின. ஓடாத பிரிண்டரைக் கடந்துபோன கால்கள் அதைப்போல நான்கு மடங்கைப் பறிகொடுத்தன. இதற்கு மேலும் மனப்பாடத்தின் மகிமையை யாராவது எனக்கு விளக்க வேண்டுமா?

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைத் திறக்கவிடாமல் கைடைக் கையில் கொடுத்தது யார்? எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று ப்ளூபிரிண்ட் போட்டு, மீதியைக் கிழித்தெறியச் சொன்னது யார்? அப்படி வளர்ந்தவன் இருபத்தோரு வயதில் டம்ப்ஸ் கேட்காமல் நூலகத்துக்கு வழியா கேட்பான்? கல்லூரிகள் அடுத்த கூத்து. இரண்டு நாள் எத்திக்கல் ஹாக்கிங் ஒர்க்ஷாப். முதல் நாள் பாதி குத்துவிளக்குக்கும் பொன்னாடைக்கும் போகும். மீதியில் ஒருவர் புரொஜெக்டரில் கறுப்புத் திரையைக் காட்டி வேகமாகத் தட்டுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். இரண்டாம் நாள் மாலை எல்லோருக்கும் கெட்டி அட்டையில் சான்றிதழ். ராத்திரியே லிங்க்டுஇன்னில் 'பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்'. எத்திக்கல் ஹாக்கர் என்று உலகத்துக்கே சான்றிதழ் கொடுக்கும் ஈசி-கவுன்சிலின் இணையதளத்தையே 2014 பிப்ரவரியில் ஒருவன் மாற்றியமைத்து, அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனின் பாஸ்போர்ட் படத்தை முகப்பில் ஒட்டிவிட்டுப் போனான். சான்றிதழ் அச்சடிக்கும் இடத்துக்கே அந்தக் கதி.

நம் ஊர்ப் பக்கமே வருவோம். 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் நுழைந்ததாகச் செய்தி வந்தது. 29-ஆம் தேதி நிலையம் மறுத்தது: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி இணையத்தோடு ஒட்டுறவே இல்லாதது, தாக்கவே முடியாது என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது: நிர்வாகப் பணிக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு கணினியில் வைரஸ் இருந்தது, செப்டம்பர் 4-ஆம் தேதியே அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் சொல்லிவிட்டது. டிடிராக் என்ற அந்த வைரஸை எழுதியது லாசரஸ் கும்பல் என்கிறது காஸ்பர்ஸ்கி நிறுவனம். டாக்கா பிரிண்டரின் வாயை அடைத்ததாக உலகம் கைகாட்டும் அதே லாசரஸ். கேட்ட கேள்விக்குப் பாடப்புத்தக விடையை ஒப்பித்துவிட்டு, மறுநாள் விழித்துக்கொள்ளும் வழக்கம் அலுவலகங்களிலும் இருக்கிறது, பி.டி.எஃப். பையன்களோடு நிற்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் இந்த எச்.ஆர். விளம்பரங்கள். 'அனுபவம் 0 முதல் 1 ஆண்டு, சி.ஐ.எஸ்.எஸ்.பி. கட்டாயம்.' 5 ஆண்டு அனுபவம் கேட்கும் பட்டத்தை அனுபவமே இல்லாதவனிடம் கேட்கும் புத்திசாலிகள் இவர்கள். கேட்பவருக்கே அது என்னவென்று தெரியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டுமா? டம்ப்ஸ் கடைகளுக்கு முதலாளி யாரோ, விளம்பர ஏஜென்ட் இவர்கள்தான்.

படிக்கவே கூடாது என்றா சொல்கிறேன்? படி. ஐ.எஸ்.சி.2 தன் பாடத்திட்டத்தை இலவசமாகவே கொடுக்கிறது. எட்டுப் பிரிவையும் ஒழுங்காகப் படி. வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு, இரண்டு கணினிகளை உருவாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தாக்கிப் பார். வயர்ஷார்க்கைத் திறந்து உன் வீட்டு இணையத்தில் என்னென்ன ஓடுகிறது என்று பார். நடந்த திருட்டுகளின் விசாரணை அறிக்கைகளைப் படி. எவன் எங்கே பிரிண்டரைக் கடந்துபோனான் என்று ஒவ்வொன்றிலும் தேடு. ஆஃப்செக் நடத்தும் ஓ.எஸ்.சி.பி. தேர்வில் 23 மணி 45 நிமிடம் கணினிகளை உடைத்து உள்ளே போக வேண்டும், அடுத்த 24 மணி நேரத்தில் எப்படிப் போனாய் என்று அறிக்கை எழுதித் தர வேண்டும். அங்கே ஆப்ஷனே கிடையாது. செக்யூரிட்டி பிளஸ் தேர்விலும்கூட, செய்து காட்டு என்ற வகைக் கேள்விகள் நுழைந்துவிட்டன. தேர்வு நடத்துகிறவர்களுக்கே புத்தி வந்துகொண்டிருக்கிறது.

ஆள் எடுப்பவர்களுக்குத்தான் இன்னும் வரவில்லை. ஐயா, அம்மா, அடுத்த விளம்பரம் கொடுக்கும்போது சான்றிதழ் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும் அந்த வரியை ஒரே கோடாக அடித்துவிடுங்கள். 'ஒரு லாக் கொடுப்போம். ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆப்ஷன் கிடையாது' என்று போடுங்கள். டம்ப்ஸ் கடைகள் ஒரே மாதத்தில் ஷட்டரை இறக்கிவிடும்.