தீக்கு ஒரு பங்கு

எங்க ஊர் கூரம். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். கூரத்தாழ்வார் பிறந்த ஊர் என்று வைணவர்கள் வருவார்கள். பல்லவர் காலத்துக் கோயிலையும் செப்பேட்டையும் பேசிக்கொண்டு வரலாற்று மாணவர்கள் வருவார்கள். சேரிப் பக்கம் திரும்பி, இந்நேரத்துக்கு ஏன் இவ்வளவு புகை என்று அவர்களில் ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்டு வந்தது ஒரே ஒரு அம்மா. சில வருசத்துக்கு முன்னால் பயிற்சி முகாம் என்று எங்களை உட்கார வைத்துப் படம் போட்ட அட்டையைக் காட்டினார். "விறகை ஆறு மாசம் நல்லா காய வையுங்க. ஜன்னலைத் திறந்து வச்சு சமையுங்க. குழந்தைகளை அடுப்புகிட்ட விடாதீங்க. உங்களுக்கு விழிப்புணர்வு இல்லாததாலதான் இவ்வளவு நோய்." பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த எங்க பெரியம்மா கேட்டாள்: "ஏம்மா, ஆறு மாசத்து வெறகை எங்க வைக்கறது? உங்க வூட்லயா?"

எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார். அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியைத்தான் நான் எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வெட்டின பச்சை விறகில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் முதலில் அந்தத் தண்ணீர்தான் கொதிக்கும். அதற்கே சூடெல்லாம் போய்விடும். புகை என்பது எரியாமல் தப்பிப் போகிற விறகு. சூடும் காற்றும் போதுமான அளவு கிடைத்தால் அதுவும் தீயாகிச் சோற்றை வேகவைக்கும். கிடைக்காவிட்டால் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும். இது விஞ்ஞானம். எங்க அம்மாவுக்கும் இது தெரியும். அவள் வேற வார்த்தையில் சொல்லுவாள்: "அடுப்பு வாயை அடைக்காத, அதுவும் மூச்சு வுடணும்."

பன்னிரண்டு வயசில் அவளிடமிருந்து நான் அடுப்பை வாங்கிக்கொண்டபோது கற்றது இவ்வளவு. கருவேலங் கட்டையை மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் வைக்காதே, பிளந்து போடு. நுனி மட்டும் எரியட்டும், எரிய எரியத் தள்ளு. முந்தின வேளைச் சாம்பலை வாரிவிட்டுப் பற்றவை. கட்டைக்கு அடியில் காற்று நுழைய இடம் விடு. அடுப்புக் குமிழுக்கு மேல் சட்டி உட்காரும்போது ஒரு விரல் சந்து போதும். அதற்கு மேல் இருந்தால் தீ வெளியே ஓடும், குறைந்தால் புகை உள்ளே திரும்பும். பெரிய அடுப்பில் சோறு, கொடியடுப்பில் குழம்பு. பருப்பை முன்னாடியே ஊறப்போடு. சட்டிக்கு மூடி போடு. பிளாஸ்டிக் பையைக் கொளுத்திப் பற்ற வைக்காதே. முந்தானையை இழுத்துச் செருகு. படுக்கிறதுக்கு முன்னால் தணலை அணை. கதவடைத்த வீட்டில் தணலை வைத்துக்கொண்டு தூங்கினால், வாசனை இல்லாத அந்த நச்சுக் காற்றில் எழுந்திருக்காமலே போய்விடுவார்கள்.

எந்த அட்டையில் இதைவிட அதிகம் இருக்கிறது? படித்தவர்கள் இதைச் சொன்னால் விஞ்ஞானம், எங்க அம்மா சொன்னால் பழக்கதோஷம்.

ஆனாலும் எங்க வீடு முழுக்கப் புகைதான். காரணத்தை எங்க அம்மாவின் மண்டைக்குள்ளே தேடாதீங்க. நாங்க குடியிருந்தது ஓர் அறைக் கூரை வீடு. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. ஜன்னல் வைக்கப் பக்கத்துச் சுவருக்கும் எங்க சுவருக்கும் நடுவில் இடமில்லை. புகைபோக்கி வைக்கலாம் என்றால், சூடான குழாய் கூரையைத் தொட்டால் வீடே போகும். விறகு ஏரிக்கரையில் வெட்டின முள். தோப்பில் விழுந்து கிடக்கிற தென்னை மட்டையைப் பொறுக்கினாலும் "எவடி அது" என்று சத்தம் வரும். கொண்டுவந்த முள்ளைத் தெருவில்தான் போடணும். ஐப்பசி மழையில் அது நனையும். நனைந்த விறகு பிடிக்காது. பிடிக்காத விறகில் மண்ணெண்ணெய் ஊற்றுவோம்.

அப்படித்தான் என் கை வெந்தது. ஒன்பதாவது படிக்கிறேன். மழைநாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று அணைந்த மாதிரி இருந்த அடுப்பில் எண்ணெயைச் சாய்த்தேன். உள்ளே தணல் இருந்தது. நைலான் பாவாடை தீயை இழுத்துக்கொண்டது. ஓடி வந்தவர்கள் கையில் இங்க்கை ஊற்றினார்கள். இருபது நிமிசம் வெறும் தண்ணீரைக் கையில் ஓடவிட்டிருந்தால் புண் இவ்வளவு ஆழம் போயிருக்காது என்பதை ரொம்ப வருசம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஓடவிடத் தெருவில் குழாய் இல்லை. அலட்சியத்தால் வந்த விபத்து என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள். யாருடைய அலட்சியம்?

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் பறையர்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரர்கள் நினைத்தால் எழுப்பிவிடலாம் என்கிற நிலைமையை அதில் வைத்தார். அதன் பிறகு 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அப்போது காஞ்சிபுரமும் செங்கல்பட்டு ஜில்லாதான். கொடுத்த நிலமும் கைமாறிப் போனது. அதைத் திருப்பிக் கேட்டு நடந்த காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அடுப்பைப் பேச வந்தவள் ஏன் நிலத்தைப் பேசுகிறாள் என்று கேட்காதீங்க. காய்ந்த விறகு என்றால் விறகு காய ஒரு இடம். ஜன்னல் என்றால் அதற்கு வெளியே நாலடி மண். இரண்டும் பட்டாவில் இருக்கிறது.

கூரத்துச் செப்பேட்டுக்கு வருகிறேன். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரைப் பங்கு போட்டிருக்கிறார்கள். இருபது பங்கு நான்கு வேதம் படித்த பிராமணர்களுக்கு. மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு. அந்த மண்டபத்துக்குத் தண்ணீர் விடவும் தீ எரிக்கவும் ஒரு பங்கு. பாருங்க, தீ எரிய நிலம் வேண்டும் என்பது பல்லவ ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது. செம்பில் வெட்டி வைத்திருக்கிறான். எங்க அடுப்புக்கு மட்டும் அட்டைப் படம் போதுமாம்.

"அதான் கேஸ் கொடுத்தாச்சே" என்பார்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. 2006-ல் வந்த தமிழக ஆட்சி இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. அடுப்பு இலவசம், அடுத்த சிலிண்டர்? 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் விலை ஆயிரத்து நூறு ரூபாயைத் தாண்டியது. கூலி வேலை உள்ள நாளில் கேஸ், இல்லாத நாளில் முள். எங்க தெருவில் பல வீட்டில் இன்றைக்கும் இரண்டு அடுப்புதான்.

"கிராமத்துப் பொம்பளைங்களுக்கு விறகுச் சோறுதான் ருசி, பழக்கத்தை விடமாட்டாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. தமிழ்நாடு, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாலு இடத்தில் கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். முடிவுகள் 2022-லிருந்து வெளிவந்தன. அடுப்பையும் பதினெட்டு மாசத்துக்குக் கேசையும் இலவசமாக வீட்டுக்கே கொடுத்தார்கள். பெண்கள் ஏறக்குறைய முழுசாகவே விறகை விட்டார்கள். அவர்கள் மூச்சில் போகிற நுண்தூசி, விறகு எரித்த பெண்களுக்கு இருந்த எழுபது மைக்ரோகிராமுக்கு எதிரே இருபத்துநாலுதான். பழக்கம் எங்கே போச்சு? வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அத்தனை பேரும் விழிப்புணர்வு இல்லாமலா செத்தார்கள்?

நம்ம ஆம்பளைத் தோழர்களுக்கும் ஒன்று. நிலத்துக்குக் கொடி பிடிக்கிறீங்க, கூட நாங்களும் வர்றோம். கூட்டம் முடிந்து வந்து "சோறு ஆச்சா" என்று திண்ணையில் உட்காருகிறீங்களே, உள்ளே ஒருத்தி ஊதாங்குழலோடு புகையில் கிடக்கிறாள். முள் வெட்டுவதும் சுமப்பதும் பிளப்பதும் ஊதுவதும் அவள்தான். ஒரு மழைக்காலம் நீங்க அடுப்பெரிச்சுப் பாருங்க. அப்புறம் நம்ம கோரிக்கைப் பட்டியலில் அடுப்பு எத்தனையாவது இடத்தில் வரும் என்று பார்ப்போம்.

எங்க பெரியம்மா போன தை மாசம் இருமி இருமியே போய்விட்டாள். அவள் கேள்வி அப்படியே இருக்கிறது. அடுத்த முகாமுக்கு வருகிறவர்கள் அட்டையோடு வரவேண்டாம். அடுப்பங்கரையும் விறகுக் கொட்டகையும் கட்ட இடம் இருக்கிற மாதிரி மனைப் பட்டாவோடு வரட்டும். கூலிக்கு எட்டுகிற விலையில் சிலிண்டரோடு வரட்டும். புகையில்லாமல் எரிப்பது எப்படி என்று அப்போது நாங்க அவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்.