தேயிலைத் தோட்டத்தின் நினைவுகள் வகுப்பறைக்கு வரட்டும்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாகப் பங்கிட்டது. ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த உடன்பிறப்புகள் இருவேறு நாட்டவரானது எவ்வாறு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தவர்கள் எதைச் சுமந்து வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்பவற்றை இந்த எண்கள் சொல்வதில்லை. சொல்லக்கூடியவர்கள் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளிலேயே இருக்கிறார்கள். 1970இல் 20 வயதில் வந்திறங்கியவர் இன்று 75 வயதைத் தொட்டுவிட்டார் என்பதால், அவர்களிடம் கேட்டறிய இனி அதிகக் காலமில்லை.

எனவே, வாய்மொழி வரலாற்றை, அதாவது நிகழ்வை வாழ்ந்து கடந்தவரிடமே கேட்டுப் பதிவுசெய்து, பிற சான்றுகளோடு ஒப்பிட்டு எழுதும் வரலாற்றை, உயர்நிலை வகுப்புகளில் மதிப்பெண்ணுக்குரிய பணியாகவே தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை ஆக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது கூடுதல் சுமை என்ற வாதத்திற்கு அயர்லாந்து 1937லேயே விடை கண்டுவிட்டது: அந்நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையம், தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர் வழக்கமாக எழுதும் கட்டுரைகளுக்குப் பதிலாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்த ஊர்ச் செய்திகளை எழுதச் செய்தது. ஏறத்தாழ 5,000 பள்ளிகள் பங்கேற்ற அத்திட்டத்தின் கையெழுத்துப் பக்கங்கள் பல இலட்சமாகப் பேணப்பட்டு, இன்று எவரும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

முதியோரின் நினைவு பிழைபடும் என்பது உண்மையே. ஆயினும் அப்பிழையைக் கண்டறியும் முயற்சியில்தான் மாணவர் வரலாற்று முறையைக் கற்கிறார். தாத்தா சொன்ன ஆண்டைப் பெட்டியிலிருக்கும் கடவுச்சீட்டோடும், பாட்டி சொன்ன கூலிக் கணக்கை அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த வேறொருவரின் சொல்லோடும் ஒப்பிடும் பிள்ளைக்கு, சான்று என்றால் என்னவென்று பாடநூலின் எந்த வரையறையும் இவ்வளவு தெளிவாகப் புரியவைக்காது. அப்படித் திரட்டியதிலிருந்து இலங்கை மலையகத்தின் அட்டனில் தொடங்கிக் கோத்தகிரியில் முடியும் பயண வரைபடமோ, பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் திடலில், நிகழும் நாடகமோ, தம்பி தங்கையர் படிக்கும் படக்கதையோ உருவாகலாம். ஆனால் எது பெரியவர் சொன்னது, எது மாணவர் கற்பனையில் சேர்த்தது என்பதைப் படைப்பே பிரித்துக் காட்ட வேண்டும்.

இத்திட்டம் கெடக்கூடிய இடங்கள் இரண்டு. மதிப்பெண் இட்டவுடன் செயல்திட்டக் குறிப்பேடுகள் பழைய தாளோடு போய்ச் சேரும் வழக்கம் தொடருமானால், ஒரு தலைமுறையின் சாட்சியமும் அவ்வாறே போகும். ஆகவே ஒலிப்பதிவின் ஒரு படியும் எழுத்துப் படியும் மாவட்ட மைய நூலகத்தில் சேர்க்கப்பட வேண்டும். அதைவிட முக்கியமானது, சொல்பவரின் இசைவு. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வந்தவர்களிடமும், சாதியின் பெயரால் இரு கரைகளிலும் இழிவுபட்டவர்களிடமும் பேரப்பிள்ளைக்குக்கூடச் சொல்ல விரும்பாதவை இருக்கும். அவற்றைச் சொல்லாதிருக்கவும், சொன்னபின் திரும்பப் பெறவும், பெயர் மறைக்கக் கோரவும் அவர்களுக்குள்ள உரிமையை ஆசிரியர் பதிவுக்கு முன்பே விளக்க வேண்டும். பாட்டி மறுத்தார் என்பதற்காக எந்த மாணவருக்கும் மதிப்பெண் குறையக் கூடாது.

மாநிலம் முழுவதற்குமான அரசாணைக்குக் காத்திராமல், தாயகம் திரும்பியோர் செறிந்து வாழும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளின் அரசுப் பள்ளிகளில், ஆசிரியர்களுக்கு நேர்காணல் பயிற்சி அளித்து, வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். நேர்காணலுக்கான வினாப்பட்டியலைச் சென்னையில் அச்சிட்டு அனுப்பாமல், அந்தத் தோட்டக் குடியிருப்புகளின் பெரியவர்களைக் கலந்தே வகுக்க வேண்டும்.