சங்கக் கடையின் பின்னறையில் விளைந்த உரிமை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும், 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் வாசிங்டன் நகரிலே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் முன்னிலையில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய பேருரையே நம்மவர் நினைவுக்கு வருகிறது. அவ்வுரையின் பெருமையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயின், அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே ஊர் ஊராக நடந்த வேலையை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. அதனை அறிய விரும்புவோர், மேடையை விட்டுத் தென் கரோலைனா மாநிலத்தின் கடலோரத்திலுள்ள ஜோன்ஸ் தீவுக்குச் செல்லவேண்டும்.

அத்தீவின் கறுப்பின மக்களிற் பலர் கமக்காரரும் கூலிவேலை செய்வோருமாவர். வாக்காளர் இடாப்பிலே பெயர் பதிய விரும்புவோர் அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசிக்கவும் எழுதவும் வல்லவராயிருத்தல் வேண்டும். அன்றேல் 300 டொலர் பெறுமதியான சொத்து உடையவராயிருத்தல் வேண்டும் என்றது மாநிலச் சட்டம். எழுத்தறிவுத் தேர்வு எதுவுமின்றி 1931ஆம் ஆண்டிலேயே சர்வசன வாக்குரிமையைக் கண்ட இலங்கையில் வாழும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடங்களை மறுத்த அதே ஆட்சி, அப்பிள்ளைகள் வளர்ந்தபின், “நீ படியாதவன், உனக்கு வாக்கில்லை” என்றது. இதனினும் கொடிய ஏளனம் வேறு உண்டோ?

அத்தீவின் ஈசோ ஜென்கின்ஸ் என்பவர், சார்ள்ஸ்டன் நகருக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ் வண்டியை நடத்திவந்தார். போகும் வழியெல்லாம் அரசியலமைப்பின் பகுதிகளைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மனனம் செய்வது போதாது, எழுத்தையே கற்கவேண்டும் என்ற வேட்கை அங்கே பிறந்தது. அவருக்குத் துணைநின்றவர் செப்டிமா கிளார்க் அம்மையார். உரிமைச் சங்கமொன்றிலிருந்து விலக மறுத்தமைக்காக, 40 ஆண்டுக்கால ஆசிரியப் பணியை 1956ஆம் ஆண்டில் இழந்தவர் அவர்; ஓய்வூதியமும் அவருக்கு மறுக்கப்பட்டது.

1957ஆம் ஆண்டு சனவரி மாதம், கமவேலை குறைந்த குளிர்காலத்தில், முதல் வகுப்பு தொடங்கியது. முன்புறத்திலே சங்கக் கடை, பின்னறையிலே வகுப்பு. வெள்ளையர் கண்ணிற் படாதிருக்கவே இந்த ஏற்பாடு. கற்பிக்க வந்த பேர்னிஸ் றொபின்சன் அம்மையார் பயிற்றப்பட்ட ஆசிரியரல்லர், சிகையலங்காரம் செய்பவர். பட்டமும் அதிகாரத் தோரணையும் உடையவர் வந்தால் முதியோர் வாய் திறவார் என்பதை அறிந்தே அவரைத் தெரிந்தனர். வந்திருந்த 14 பேரையும் நோக்கி, அவர்கள் எதைக் கற்க விரும்புகின்றனர் என்றே அவர் முதலிற் கேட்டார். தம் பெயரை எழுதவேண்டும், வேதநூலை வாசிக்கவேண்டும், காசுக்கட்டளைப் படிவத்தை நிரப்பவேண்டும் என்றனர். அவையே பாடங்களாயின. வாக்குப் பதிவுச் சட்டம் அவற்றோடு சேர்ந்து வந்தது. முன்னர் இத்தீவிலே முதியோரைச் சிறுபிள்ளைகளின் வாங்குகளில் இருத்திக் கற்பிக்க முயன்ற திட்டம் தோற்றதும், இது வென்றதும் ஏன் என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

1961ஆம் ஆண்டில் கிங் அவர்களின் இயக்கம் இத்திட்டத்தைப் பொறுப்பேற்றது. தென் மாநிலங்களெங்கும் நூற்றுக்கணக்கான வகுப்புகள் தோன்றின. மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டமொன்றிலே உழைத்த ஃபானி லூ ஹேமர் அம்மையார், தமக்கும் வாக்குரிமை உண்டென்பதை 44ஆம் வயதில், ஊர்த் தேவாலயத்தில் நடந்த கூட்டமொன்றிலேதான் அறிந்தார். 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் பெயர் பதியச் சென்றார். 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து உடனே துரத்தப்பட்டார். அடுத்த ஆண்டிலே, இத்தகைய பயிற்சி வகுப்பொன்றிலிருந்து திரும்பும் வழியிற் சிறைப்பட்டு அடியுண்டார். 1964ஆம் ஆண்டில் அவர் தம் கதையைக் கூறியபோது நாடே செவிசாய்த்தது.

1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமானது. மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பின மக்களுள் இடாப்பிலே இடம்பெற்றோர் 1964இல் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. 1967இலோ நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர். சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே நுழையும் துணிவைப் பின்னறை வகுப்புகள் முன்னரே வளர்த்திருந்தன. எனினும், 2013ஆம் ஆண்டில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம், ஒன்பது நீதியரசருள் ஐவரின் தீர்ப்பால், அச்சட்டத்தின் முக்கியமான காவலைச் செயலிழக்கச் செய்தது. ஏட்டிலுள்ள உரிமை தானே தன்னைக் காத்துக்கொள்ளாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கற்றோர் சிலர் கமக்காரரிடம் செல்லும்போது, தம் தீர்மானங்களை விளக்கிக் கைதட்டலைப் பெற்றுத் திரும்புகின்றனர். கமக்காரரோ, அரசியல் படித்தவர்களின் அலுவல் என்று ஒதுங்கிவிடுகின்றனர். இருசாராரும் ஜோன்ஸ் தீவை எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். அங்கே கற்றவர் முதலிற் கேட்டார். கமக்காரர் தம் தேவையைத் தாமே சொன்னார். அந்தப் பேச்சுக்கு மாலையும் இல்லை, மேளமும் இல்லை. பகல் முழுதும் வயலில் உழைத்தவர்கள், இரவிலே பென்சிலைப் பிடித்துத் தம் பெயரை எழுதப் பழகினார்கள். அவ்வளவே! அப்பெயர்களை இடாப்பிலிருந்து விலக்கிவைக்க ஆட்சியாளரால் நெடுங்காலம் முடியவில்லை.