வழிமூலம் கேட்டாக வேண்டும்

நதிமூலம், ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பது பழமொழி. கணினி வலையமைப்பில் உலவும் வழித்தடத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஒரு வழித்தடம் எங்கே பிறந்தது, எந்த நெறிமுறையின் வாயிலாக இங்கே வந்து சேர்ந்தது என்று கேளாமல் அதை அடுத்த நெறிமுறைக்கு எடுத்துக் கொடுக்கும் ரூட்டர், தான் பரப்பிய வதந்தியைத் தானே நம்பும் நிலைக்கு ஒருநாள் வந்துவிடும். அதைத் தடுக்கும் கருவி மிக எளியது: வழித்தடத்தின்மேல் இடப்படும் டேக் என்ற ஓர் எண். இந்தியப் பொறியியல் வகுப்பறைகள் பெரும்பாலும் பேசாமல் கடந்துபோகும் எண்ணும் அதுவே. அப்படிக் கடந்துபோவது சரியன்று என்பதே இப்பதிவின் வாதம்.

வழித்தட நெறிமுறைகள் ஒவ்வொன்றும் சுழல் ஏற்படாமல் காக்கத் தனக்கென ஒரு முறையை வைத்திருக்கின்றன. ரிப் தாவல்களை எண்ணுகிறது; எண்ணிக்கை பதினாறை எட்டினால் வழி இல்லை என்று முடிவுகட்டுகிறது. ஓஎஸ்பிஎஃப் தன் பகுதிக்குள் இருக்கும் எல்லா ரூட்டர்களுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறது. பிஜிபி ஒரு வழித்தடம் கடந்துவந்த தன்னாட்சி அமைப்புகளின் எண்களை வரிசையாக எழுதிவைக்கிறது. அந்த வரிசையில் தன் எண்ணையே காணும் அமைப்பு அதை ஏற்பதில்லை. ஒரு நெறிமுறை வாயிலாக அறிந்த வழித்தடத்தை இன்னொரு நெறிமுறைக்குள் செலுத்துவது மறுபகிர்வு. அந்த எல்லையைக் கடக்கும்போது இப்பாதுகாப்புகள் யாவும் உதிர்ந்துவிடுகின்றன. தாவல் எண்ணிக்கை, வரைபடம், கடந்துவந்த பாதையின் வரிசை எதுவும் மறுபக்கம் போவதில்லை. முகவரியும், மறுபகிர்வு செய்யும் ரூட்டர் புதிதாக இட்ட ஒரு தொடக்க மதிப்புமே எஞ்சுகின்றன.

இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு இது தொலைதூரச் சிக்கல் அன்று. 1986-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் தொடங்கப்பட்டபோது அதில் பங்கேற்றவை ஐந்து ஐஐடிகள் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் மட்டுமே. 2010-இல் மத்திய அமைச்சரவை தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் அளித்தபோது இலக்கு சுமார் 1,500 நிறுவனங்களாக விரிந்திருந்தது. இந்த வளர்ச்சியின் ஊடே வளாக வலையமைப்புகள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டன. ஒரு துறை தன் ஆய்வுத் திட்ட நிதியில் தனி வலையமைப்பை அமைத்துக்கொண்டது. ஒரு கல்லூரி பின்னாளில் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஒவ்வொரு கொள்முதலும் குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே போனது. முந்தைய ஒப்பந்தத்தில் வந்த கருவிகள் ஈஐஜிஆர்பி பேசும். அடுத்த ஒப்பந்தத்தில் வேறு நிறுவனத்திடமிருந்து வந்தவை அதை அறியா. சிஸ்கோவின் தனியுடைமையாக இருந்த அந்த நெறிமுறை ஆர்எஃப்சி 7868 என்ற பொது ஆவணமாக வெளிவந்ததே 2016-இல்தான். ஆகவே இரண்டு நெறிமுறைகள் ஒரே வளாகத்தில் குடித்தனம் நடத்துவதை வடிவமைப்புக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. அது நிர்வாக வரலாற்றின் விளைவு.

ஓர் எளிய அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகத்தில் ஓஎஸ்பிஎஃப் இயங்குகிறது. புதிதாக இணைந்த கல்லூரியில் ரிப் இரண்டாம் பதிப்பு இயங்குகிறது. இரண்டுக்கும் நடுவே கிழக்கு ரூட்டர், மேற்கு ரூட்டர் என இரு எல்லை ரூட்டர்கள் உள்ளன. இரண்டும் இருதிசையிலும் மறுபகிர்வு செய்கின்றன. கல்லூரி நூலகத்தின் பிணையம் 10.20.5.0/24.

கிழக்கு ரூட்டர் நூலகத்தின் வழித்தடத்தை ரிப் வாயிலாக அறிந்து ஓஎஸ்பிஎஃப்-இல் அறிவிக்கிறது. இப்போது மேற்கு ரூட்டரிடம் இரு தகவல்கள் உள்ளன: கல்லூரியிலிருந்து ரிப் நேராகச் சொன்னது ஒன்று, முதன்மை வளாகத்தைச் சுற்றிவந்து ஓஎஸ்பிஎஃப் சொன்னது மற்றொன்று. இரு நெறிமுறைகளில் எதை நம்புவது என்பதைத் தீர்மானிக்கும் நிர்வாகத் தொலைவு சிஸ்கோ கருவிகளில் இயல்பாக ரிப்புக்கு 120, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110. குறைந்த எண்ணே வெல்லும். எனவே பக்கத்து வீட்டுச் செய்தியை அந்த வீட்டாரிடம் கேளாமல் ஊர் சுற்றிவந்தவரிடம் கேட்டு நம்புபவரைப் போல, மேற்கு ரூட்டர் ஓஎஸ்பிஎஃப் சொன்னதை ஏற்றுக்கொள்கிறது. அதோடு நிற்பதுமில்லை. தன் அட்டவணையில் இப்போது ஓஎஸ்பிஎஃப் வழித்தடமாக வீற்றிருக்கும் அதை மீண்டும் ரிப்புக்குள் செலுத்துகிறது. இடப்படும் தொடக்க மதிப்பு சிறியதாக இருந்தால், கல்லூரிக்குள் இருக்கும் ரூட்டர்களே தங்கள் நூலகத்துக்குப் போக மேற்கு வாயில் வழியே வெளியேற வேண்டும் என்று எண்ணத் தொடங்கும்.

நூலகத்தின் இணைப்பு அறுந்துபோகும் நாளில் விளைவு இன்னும் மோசமாகலாம். உண்மையான அறிவிப்பு மறைந்துவிட்டது; மேற்கு ரூட்டர் செலுத்திய பிரதி மட்டும் ரிப்புக்குள் உலவுகிறது. செய்திகள் வந்துசேரும் வரிசை சற்றே பிசகினால் போதும்: கிழக்கு ரூட்டர் அந்தப் பிரதியைக் கேட்டு, நூலகம் இன்னும் இருக்கிறது என்று ஓஎஸ்பிஎஃப்-க்குச் சொல்லும், அதைக் கேட்ட மேற்கு ரூட்டர் மறுபடியும் ரிப்புக்குச் சொல்லும். ஒருவர் சொல்லை மற்றவர் ஆதாரமாகக் காட்டும் இரு சாட்சிகள், இல்லாத பிணையத்தை உயிருடன் வைத்திருப்பார்கள். ரிப்பின் பதினாறு தாவல் வரம்பு இங்கே கைகொடுக்காது. எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் மதிப்பு புதிதாக இடப்படுவதால் எண்ணிக்கை வளர்வதேயில்லை.

ஆய்வுலகம் இக்காட்சியை நன்கறியும். மூலத்தைப் பாராமல் ஒருவர் எழுதிய தகவலை இரண்டாமவர் மேற்கோள் காட்டுகிறார். முதலாமவரின் அடுத்த பதிப்பு இரண்டாமவரைச் சான்றாகக் காட்டுகிறது. இருவரும் மூலம் என்று கருதுவது தங்கள் எதிரொலியையே. இதற்கு ஆய்வுலகம் கண்ட மருந்து, ஒவ்வொரு கூற்றும் தன் மூலத்தைச் சுமந்து வர வேண்டும் என்ற ஒழுக்கம். டேக் அதே ஒழுக்கத்தை வழித்தடங்களுக்குக் கற்பிக்கிறது.

மேற்சொன்ன அமைப்பில் அதைச் செய்வது எளிது. ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப்-க்குச் செல்லும் ஒவ்வொரு வழித்தடத்தின்மேலும் 120 என்று குறியிட வேண்டும். ஓஎஸ்பிஎஃப்-இலிருந்து ரிப்புக்குச் செலுத்தும்போது 120 குறி தாங்கிய எதையும் மறுக்க வேண்டும். எதிர்த்திசைக்கு 110 என்ற குறி. அதற்கும் அதே மறுப்பு. இவ்விதிகள் இரு ரூட்டர்களிலும் இருக்க வேண்டும். அதன்பின் எந்த வழித்தடமும் தான் பிறந்த வீட்டுக்கே விருந்தாளி வேடத்தில் திரும்பிவர இயலாது. 120, 110 என்ற எண்களுக்குத் தனிப்பொருள் ஏதுமில்லை. நிர்வாகத் தொலைவோடு ஒத்திருப்பதால் நினைவில் நிற்கும் என்பதே காரணம்.

இக்குறிக்கான இடத்தைத் தரநிலைகளே ஒதுக்கியிருக்கின்றன. 1988-இல் வெளியான ரிப் வரையறையில் அது இல்லை. இரண்டாம் பதிப்பு 16 பிட் அளவில் அதைச் சேர்த்தது. ஓஎஸ்பிஎஃப்-இன் புற வழித்தட அறிவிப்பில் 32 பிட் இடம் உண்டு. ஓஎஸ்பிஎஃப் தானே அதைப் பயன்படுத்துவதில்லை என்றும், எல்லை ரூட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாற அது உதவலாம் என்றும் 1998-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2328 விளக்குகிறது. ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறைக்கு 2008-இல் ஆர்எஃப்சி 5130 அதே வசதியைத் தந்தது. வடிவமைத்தவர்கள் ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றார்கள். அதை நிரப்பும் பொறுப்பு வலையமைப்பை நடத்துபவரிடம் விடப்பட்டது.

அந்தப் பொறுப்பை மனிதரிடம் விடாத ஓர் இடமும் உண்டு என்பது கவனத்துக்குரியது. சேவை வழங்குநரின் எம்பிஎல்எஸ் வலையமைப்பில் வாடிக்கையாளர் தளங்களை ஓஎஸ்பிஎஃப் வாயிலாக இணைக்கும் முறையை 2006-இல் ஆர்எஃப்சி 4577 வரையறுத்தது. அங்கே வழங்குநரின் ஒரு ரூட்டர் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வழித்தடம் இன்னொரு ரூட்டர் வழியே வழங்குநரிடமே திரும்பாமல் தடுக்க, ஒரு தனி பிட்டும் ஒரு டேக்கும் வரையறையிலேயே இடம்பெற்றன. மூலம் அறிவிப்பது விருப்பத்துக்கு விடத் தக்கதன்று என்பதைத் தரநிலை எழுதியோரே அங்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வளாகங்களுக்கு அந்தக் காவல் தானாகக் கிடைப்பதில்லை.

கூர்ந்து நோக்கினால் பிழையைக் கண்டுபிடித்துவிடலாமே என்ற எண்ணமும் நிலைக்காது. மறுபகிர்வைக் கணித மாதிரியாக்கி ஆராய்ந்து ஃபிராங்க் லே, ஜெஃப்ரி ஷியே, ஹூய் ஜாங் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, கொடுக்கப்பட்ட மறுபகிர்வு அமைவு சுழலில் முடியுமா என்று தீர்மானிப்பது என்பி-கடினமான சிக்கல் என்று நிறுவியது. அதே கட்டுரை, எளிதில் சரிபார்க்கக்கூடிய ஒரு போதுமான நிபந்தனையையும் முன்வைத்தது. நடைமுறைக்கு அது தரும் பாடம் தெளிவானது: சிக்கலான அமைவைக் கட்டிவிட்டுப் பாதுகாப்பைத் தேடுவதைவிட, பாதுகாப்பு வெளிப்படையாகத் தெரியும் அமைவைக் கட்டுவதே அறிவுடைமை.

டேக்குக்கு எதிராகச் சொல்லப்படுபவை மூன்று. முதலாவது, எல்லையில் ஒரே ரூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்பது. இன்றைக்கு அது சரியே. ஆனால் ஒரு ரூட்டர் பழுதானால் கல்லூரியே துண்டிக்கப்படும் என்று அஞ்சி என்றேனும் இரண்டாவதை வாங்குவார்கள். பாதுகாப்புக்காக வந்த அந்த இரண்டாவது ரூட்டரே சுழலுக்குக் கதவைத் திறக்கும். அந்நாளில் முதல் ரூட்டரை அமைத்தவர் பணியில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவது, முகவரிப் பட்டியலை வைத்தே வடிகட்டலாம் என்பது. செய்யலாம், சிறிய வலையமைப்பில் அது இன்னும் வெளிப்படையானதும்கூட. ஆனால் புதிய விடுதி கட்டப்பட்டுப் புதிய பிணையம் சேரும் ஒவ்வொரு முறையும் எல்லா எல்லை ரூட்டர்களிலும் பட்டியலைத் திருத்த வேண்டும். ஒன்றில் மறந்தாலும் ஓட்டை விழும். பட்டியல் வழித்தடத்தின் பெயரைக் கேட்கிறது. டேக் அதன் பிறப்பிடத்தைக் கேட்கிறது. பெயர்கள் பெருகிக்கொண்டே போகும், பிறப்பிடங்கள் சிலவே.

மூன்றாவது, ஈஐஜிஆர்பி போன்ற நெறிமுறைகள் தாமே இதைக் கவனித்துக்கொள்கின்றன என்பது. அதில் உள்வழித்தடத்துக்கு 90, புறவழித்தடத்துக்கு 170 என நிர்வாகத் தொலைவு பிரிந்திருப்பதால் அகத்தில் பிறந்த வழித்தடங்கள் ஓஎஸ்பிஎஃப்-இன் 110-இடம் தோற்பதில்லை. ஆனால் ஈஐஜிஆர்பிக்குள்ளேயே வேறெங்கிருந்தோ மறுபகிர்வாக வந்த வழித்தடம் 170-ஐ ஏந்தி நிற்கும். அது ஓஎஸ்பிஎஃப்-இடம் தோற்று, ரிப்புக்கு நேர்ந்த அதே சுற்றில் சிக்கும். பாதிக் காவல் முழு நம்பிக்கையைத் தருவது ஆபத்தானது.

டேக்கின் எல்லைகளையும் மறைக்கத் தேவையில்லை. அது எதிரொலியைத் தடுக்கும். மேற்கு ரூட்டர் சுற்றுவழியைத் தேர்வதைத் தடுக்காது. அதற்கு நிர்வாகத் தொலைவைத் தனியே சீர்செய்ய வேண்டும். ரிப்பின் 16 பிட்டுக்குள் அடங்காத எண்ணை ஓஎஸ்பிஎஃப்-இல் இட்டால் அது மறுபக்கம் போய்ச் சேராது. ஆகவே 65,535-ஐத் தாண்டாத எண்களே நல்லவை. புலத்தில் ஒரே எண்ணுக்குத்தான் இடம் என்பதால், மூன்று நெறிமுறைகள் சந்திக்கும் இடத்தில் பழைய குறியின்மேல் புதியதை எழுதினால் முதல் மூலம் மறைந்துவிடும். டேக்கை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எனவே பிற நிறுவனத்தின் எல்லையிலிருந்து வரும் குறியை அப்படியே நம்பலாகாது.

மூலம் அழிவதன் விலை என்ன என்பதை 1997 ஏப்ரல் 25 உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவின் ஏஎஸ் 7007 என்ற தன்னாட்சி அமைப்பிலிருந்து, பிறருடைய முகவரித் தொகுதிகள் சிறுசிறு துண்டுகளாக, அதுவே அவற்றின் பிறப்பிடம் என்ற தோற்றத்துடன் இணையமெங்கும் பரவின. கடந்துவந்த பாதையை எழுதிவைப்பதே பிஜிபியின் வலிமை. அந்தப் பாதை துடைக்கப்பட்டதும் அவ்வலிமை பயனற்றுப்போனது. தவறு செய்த ரூட்டரைத் துண்டித்த பின்னும் அவ்வழித்தடங்கள் சில காலம் இணையத்தில் உலவின.

இந்திய வகுப்பறையில் நெறிமுறைகள் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன: முதலில் ரிப், பிறகு ஓஎஸ்பிஎஃப், இறுதியில் பிஜிபி. ஒவ்வொன்றும் தனித்தீவாகக் கற்பிக்கப்படுகிறது. தேர்வில் டைக்ஸ்ட்ராவின் படிமுறையைப் பிழையின்றி எழுதும் மாணவர், பணியில் சேர்ந்ததும் முதலில் சந்திப்பது இரு தீவுகளுக்கு நடுவிலுள்ள கடலை. அங்கே எல்லா விளக்குகளும் பச்சையாக எரியும். எந்த நெறிமுறையும் பிழை காட்டாது. பொட்டலங்கள் மட்டும் இரு ரூட்டர்களுக்கு இடையே அவற்றின் ஆயுள் எண் தீரும்வரை பந்தாடப்படும். பழி அன்றைக்குப் பணியில் இருக்கும் இளநிலைப் பொறியாளர்மேல் விழும். அவருக்குக் கற்பிக்கப்படாத ஒன்றுக்காக அவரைக் குற்றம் சொல்வது நியாயமன்று.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. எஃப்ஆர்ஆர் என்ற திறமூல மென்பொருளில் டேக் இடவும் ஒப்பிடவும் வசதி உண்டு. ஒரு சாதாரணக் கணினியில் நான்கைந்து மெய்நிகர் ரூட்டர்களை இயக்கி மேற்சொன்ன சுழலை மாணவர்கள் தாமே உண்டாக்கிப் பார்க்கலாம், பிறகு இரண்டு விதிகளால் அதை அவிழ்க்கலாம். பாடத்திட்டக் குழுக்கள் ஓர் ஆய்வகப் பயிற்சியை இதற்கு ஒதுக்க வேண்டும். வளாக வலையமைப்பை நடத்துவோர், எந்த எண் எந்த மூலத்தைக் குறிக்கிறது என்ற ஒற்றைப் பக்க அட்டவணையை எழுதி, பணி மாறும்போது சாவியோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். எல்லையில் ஒரே ரூட்டர் இருக்கும் காலத்திலேயே அந்த அட்டவணை எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது ரூட்டர் வந்துசேரும் நாளில் அதை எழுத எவருக்கும் நேரமிருக்காது.