பெட்டரி அடையாளம் மறைந்தால் பெட்டரியே போய்விட்டதா?



லெப்டொப்பின் டாஸ்க்பாரில் பெட்டரி அடையாளம் மறைந்தவுடன் கடைக்கு ஓடுகிறோம். "பெட்டரி மாத்தணும்" என்றால் மறுபேச்சின்றிக் காசைக் கொடுக்கிறோம். கம்பஸ் போகும் பிள்ளைக்காகக் கடன்பட்டு வாங்கிய மெஷினுக்கு இந்த இரண்டாவது செலவு தேவைதானா?

அடையாளம் மறைவது வேறு, பெட்டரி பழுதாவது வேறு. விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய், சிஸ்டம் ஐகன் பட்டியலில் பவர் ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது மங்கலாகி, தொட முடியாமல் இருந்தால், டிவைஸ் மெனேஜரில் பெட்டரீஸ் என்பதன் கீழுள்ள ஏசிபிஐ பெட்டரியை அன்இன்ஸ்டோல் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். விண்டோஸே அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும்.

அடையாளம் வந்தும் சார்ஜ் நிற்கவில்லையா? கொமாண்ட் ப்ரொம்ப்டில் ஒரே வரியில் பெட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். ஐசிடி ஆசிரியரிடம் கேட்டால் அந்த வரியைத் தருவார். அதில் டிசைன் கெப்பாசிட்டி 40,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 15,000 என்றும் இருந்தால், மாற்றத்தான் வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றென்றால் காசைக் கையில் வைத்துக்கொண்டு வேறு காரணத்தைத் தேடுங்கள்.

சாதாரண தரத்தில் ஐசிடிக்கு ஏ சித்தி எடுக்க வைக்கிறோம். வீட்டு மெஷினைப் பார்க்கத் தெரியாத ஏ சித்தியால் வீட்டுக்கு என்ன பயன்? ஆசிரியர்களாகிய நாங்கள் தவணைக்கு ஒரு பாடவேளையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. ரிப்போர்ட்டோடு போனால் அவருக்கும் வேலை இலகு. தெரிந்தவர்கள் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.