கந்தரோடை இரவும் குருந்தை மரத்தடியும்

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்றால் மட்டக்களப்பில் பலருக்கும் யாரென்று தெரியாது. இந்தியாவில் நிலைமை வேறு. சென்னையில் அவர் பெயரில் ஒரு குடியிருப்பு உண்டு. இந்தியாவின் உயரிய போர்வீர விருதான பரம் வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் பெயர்களை 2023 ஜனவரியில் அந்தமான் தீவுகளுக்குச் சூட்டியபோது ஒன்று அவருக்கும் போனது. இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப் படையில் அந்தப் பதக்கம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

1946ல் மும்பையில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1972ல் சென்னையில் பயிற்சி முடித்து மகார் படைப்பிரிவில் சேர்ந்தார். 1987 நவம்பர் 25 இரவு, யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பக்கம் தேடுதல் முடித்துத் திரும்பிய அவரது அணியைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அவர் பின்னுக்கு ஓடவில்லை. சுற்றி வளைத்துப் பின்புறமாகப் பாய்ந்தார். கைகலப்பு நெருக்கத்தில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். குண்டு பட்ட நிலையிலேயே அவன் துவக்கைப் பறித்து அவனையே சுட்டார். உயிர் பிரியும்வரை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. சுட்டவனின் பெயர் அதில் இல்லை. இருவர் வீட்டிலும் பேசியது தமிழ் என்பதற்கும் அதில் இடமில்லை.

அந்த வீரத்தை மறுக்க எனக்கு மனம் வராது. அவரை அங்கே அனுப்பிய கணக்கு வேறு. அந்த வருடம் ஜூலை 29ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், மாலை மரியாதை. அக்டோபர் 10ல் புலிகளோடு போர். மாலை வாடுவதற்குள் என்பார்களே, ஏறக்குறைய அப்படித்தான்.

அதே படை மட்டக்களப்பு வாவிக்கரையிலும் நின்றது. 1988 மார்ச் 19ல், பத்துப் பிள்ளைகளைப் பெற்ற பூபதி அம்மா அமிர்தகழி மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றலில், குருந்தை மரத்தடியில் உட்கார்ந்தார். போரை நிறுத்து, புலிகளோடு பேசு, அவ்வளவுதான் கேட்டார். தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடவில்லை. ஏப்ரல் 19ல் செத்துப்போனார். இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் எழுதினால் இரு தரப்புக்கும் கோபம் வரும். வரட்டும்.

1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாயும் கப்பலேறினான். ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் திரும்பவில்லை. அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் கோட்டேயில் எழுந்தது, அவர்கள் விழுந்த வடக்கு கிழக்கிலிருந்து வெகு தூரத்தில். பூபதி அம்மா நாவலடியில் கிடக்கிறார், கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில்.

ஆடி அமாவாசைக்கு இன்றும் சனம் மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகி, தகப்பன்மாரை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறது. கந்தரோடையில் பரமேஸ்வரன் கையால் செத்தவனுக்கு இறைக்க மகன் இருந்தானோ என்னவோ.