450 கலோரியில் சாதி எத்தனை கிராம்?

பள்ளி மதிய உணவுக்கு ஒன்றிய அரசு வகுத்த அளவைத் தோழர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். இதில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் ஏறிய உரிமை இது. யாருடைய கருணையும் அல்ல.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் அரிசியிலேயே சுமார் 345 கலோரி வந்துவிடுகிறது. புரதமும் 7 கிராம் அளவுக்கு அரிசியிலிருந்தே வருகிறது. பருப்பு தருவது நான்கு, நாலரை கிராம். அதாவது வயிறு நிறையச் சோறு போட்டாலே தாளில் தேர்வு பாஸ்! அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. அதை ஈடுகட்டத்தான் பருப்பு. அந்த 20 கிராமும் சாம்பாரில் கரைந்து, அகப்பையின் ஆழத்தைப் பொறுத்துத் தட்டுக்கு வருகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைக் காப்பாற்றியது முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அதுவும் முழுமையான புரதம். ஒன்றிய அரசின் அளவில் முட்டை என்ற சொல்லே கிடையாது. மாநிலம் தன் காசில் போடுகிறது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்தது, 2010இல் வாரம் ஐந்தானது. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதல்வரே மறுத்தார். கர்நாடகத்தில் 2021இல் முட்டை வந்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். அங்கே முட்டையை மறுத்தது ஊட்டச்சத்து அறிவியல் அல்ல.

அப்படியானால் காலை உணவில் முட்டை எங்கே? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கும் திட்டம். விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காராமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று பட்டியல் போட்டு, இதுதான் 'எல்லோருக்கும் பொதுவான' டிபன் என்று முடிவு செய்தது யாருடைய நாக்கு? எங்கள் தெருக்களில் காலை என்பது பழைய சோறும் நேற்றைய கருவாட்டுக் குழம்பும். கருவாடு கேட்கவில்லை, ஒரு முட்டை கேட்கிறோம். சாப்பிடாத பிள்ளைக்கு மதியத்தில் கொடுப்பதுபோல வாழைப்பழம் கொடுக்கட்டும்.

டி. கல்லுப்பட்டிக்கு இந்த விவாதத்தில் தனி இடம் உண்டு. ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தை இங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கழித்தார். தீட்டாத அரிசிக்காகப் பேசியவர். ஒரு வட்டாரத்து மக்களுக்கு என்னென்ன சத்து வேண்டுமோ அதைக் கணக்கிட்டு அந்த வட்டாரத்து நிலத்தில் பயிர் செய்ய வேண்டும் என்றவர். காந்தியத்தின் சைவச் சாய்வில் எங்களுக்குக் கடும் விமர்சனம் உண்டு. இந்தக் கணக்கில் இல்லை. இங்கே மானாவாரிக் கரிசலில் குதிரைவாலி விளைகிறது. காலை உணவில் சிறுதானியம் சேர்க்க இடமும் உண்டு. ஆனால் களையெடுப்பவரின் பிள்ளை தட்டில் ரவை, குதிரைவாலியோ நகரத்துக் கடையில் பாக்கெட்டில். ஏழைத் தானியம் என்று ஏளனம் செய்தவர்களே இப்போது அதற்கு விலை வைக்கிறார்கள்.

இனி எந்த அளவுகோலிலும் இல்லாத விஷயம்: சமைக்கும் கை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் (நம் மதுரை உசிலம்பட்டி அல்ல) தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்த எட்டயபுரத்துப் பக்கத்திலேயே! கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எம்.பி. வந்து சாப்பிட முடியுமா?

கிராம் கணக்கெல்லாம் அண்டாவில் அளக்கப்படுகிறது. சாதி சொல்லி மறுக்க வைக்கப்பட்ட பிள்ளையின் தட்டில் புரதம் பூஜ்யம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் பிள்ளைக்கு 12 கிராமும் கிடைக்கலாம். கூடவே தன் அம்மாவின் கையை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதையும் அது விழுங்குகிறது. சமையலர் நியமனத்தில் பட்டியலினத்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். குழுக்கள் பெரும்பாலும் தெருவாரியாக, அதாவது சாதிவாரியாகத்தான் இருக்கின்றன. எந்தத் தெருக் குழுவுக்குச் சமையல் போகிறது என்று யார் பார்ப்பது?

பேரையூர் வட்டாரத்துக் கல்லூரி மாணவர்கள் இதைத் தொடங்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வாரம் மூன்றே விஷயங்களைக் குறித்து வையுங்கள்: எத்தனை பேர் பெயர் பதிவில், எத்தனை பேர் உண்மையில் சாப்பிட்டார்கள், சமைத்தவர் எந்தத் தெரு. பிள்ளைகள் பெயர் வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். அந்தக் கணக்கோடு, காலையில் முட்டை கேட்கும் தீர்மானத்தையும் எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் வையுங்கள். தலைவர் வாங்க மறுத்தால் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.